பழைய படகும் பரந்த கடலும்

கடலைக் கண்டு மகிழ்வதற்குக் காசு வேண்டியதில்லை. கரையில் நின்றால் போதும்; காட்சி எல்லார்க்கும் பொது. ஆனால் அக்கடலின்மேல் தன் சொந்தப் பாயை விரித்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் ஒருவன் உள்ளத்தில் எழுமானால், அப்பொழுதே வரவு செலவுக் கணக்கும் எழுந்துவிடுகிறது. புதுப்படகு கட்டச் செல்வம் வேண்டும். செல்வம் இல்லாதவன் என்ன செய்வான்? பிறர் பயன்படுத்திக் கழித்த பழைய படகு எங்கேனும் கிடைக்குமா என்று தேடுவான். அவ்வாறு தேடியவர்கள் சிலருடைய வரலாற்றைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கடற்பயண வரலாறு என்றால் அரசர் அளித்த பொருளும் பெருங்கப்பல்களும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. சிறு தொகையை முடிந்துகொண்டு பழைய படகைத் தேடிச் சென்றவர்களுக்கும் அவ்வரலாற்றில் ஓர் ஏடு உண்டு.

முதலில் ஒரு கேள்வி. பழைய பாய்ப்படகுகள் சந்தைக்கு வந்தது எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் பெருகின. பாயை நம்பிய தொழில்கள் ஒவ்வொன்றாக நீராவிக்கும், பின்னர் எண்ணெய் இயந்திரத்துக்கும் இடம் கொடுத்தன. மீன்பிடி படகுகளும், சிப்பி வாரும் படகுகளும், துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்து கப்பல்களுக்கு வழிகாட்டிகளைக் கொண்டு சேர்த்த படகுகளும் வேலையிழந்தன. உழைத்து உரமேறிய மரக்கலங்கள் கரையில் கிடந்து வெயிலில் வெடித்தன. படகுகள் மட்டுமா வேலையிழந்தன? அவற்றை ஓட்டிய மனிதர்களும் வேலையிழந்தார்கள். கழிக்கப்பட்ட படகும் கழிக்கப்பட்ட மாலுமியும் ஒருவரையொருவர் சந்தித்த கதையே நமது முதற்கதை.

ஜோஷுவா ஸ்லோக்கம் 1844 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பின்னர் அமெரிக்கக் குடிமகனாகி, படிப்படியாக உயர்ந்து, கப்பல் தலைவரானார். 'நார்தர்ன் லைட்' என்னும் எழில்மிகு பாய்க்கப்பலுக்குத் தலைவராக இருந்த பெருமையும் அவருக்கு உண்டு. அந்தக் கப்பல் பிற்காலத்தில் பாய்மரங்கள் களையப்பட்டு நிலக்கரி சுமக்கும் மிதவையாயிற்று. கப்பலுக்கு நேர்ந்ததே கப்பல் தலைவருக்கும் நேர்ந்தது. தமக்குச் சொந்தமான 'அக்விட்னெக்' என்னும் மரக்கலத்தை 1887 ஆம் ஆண்டின் இறுதியில் பிரேசில் நாட்டுக் கரையில் இழந்தார். 1892 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாஸ்டன் நகரில் வேலையற்று நின்றார். வயது நாற்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கற்ற தொழிலோ பாய்த்தொழில் ஒன்றே. கப்பல் பட்டறையில் கூலிவேலைக்குச் செல்லலாம் என்றால், அங்கேயும் சங்கத்துக்கு முதலில் 50 டாலர் செலுத்த வேண்டியிருந்தது.

அந்நிலையில் ஈபென் பியர்ஸ் என்னும் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு கப்பலை இனாமாகத் தருவதாகச் சொன்னார். திமிங்கில வேட்டையில் முதிர்ந்த தலைவர் அவர். கப்பலுக்குச் சிறிது பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவைத்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவன் என்னும் சிற்றூருக்கு ஸ்லோக்கம் விரைந்தார். அங்கே அவர் கண்டது என்ன? கடலை விட்டு விலகி, ஒரு புல்வெளியில், முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, கித்தான் போர்த்திக் கிடந்தது 'ஸ்பிரே' என்னும் மிகப் பழைய சிப்பிப் படகு. ஏழாண்டுகளாக அது தண்ணீரைக் காணவில்லை. 'ஸ்பிரே' என்றால் அலைத்திவலை என்று பொருள். பெயரில் மட்டுமே நீர் இருந்தது!

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் நாட்டு வழக்கு. மாட்டுக்கு அது பொருந்தலாம், படகுக்குப் பொருந்தாது. பழம்படகை வாங்குபவன் அதன் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்லோக்கம் பார்த்தார். பலகைகள் உளுத்திருந்தன, விலாச் சட்டங்கள் தளர்ந்திருந்தன, அடிமரமும் உதவாது என்று கண்டார். மற்றொருவர் திரும்பியே பாராமல் போயிருப்பார். அவரோ அப்படகின் உருவத்தைப் பார்த்தார். அகன்ற உடலும் நீண்ட அடிமரமும் கொண்ட அந்த வடிவம் கடலுக்கு ஏற்றது என்பதை அவருடைய பழகிய கண் உணர்ந்தது. மரத்தை மாற்றலாம், வடிவத்தை எளிதில் மாற்ற இயலாது.

அருகில் நின்ற ஓக் மரம் ஒன்றை வெட்டி அடிமரமாக்கினார். ஊர் விவசாயி ஒருவர் சிறு கூலிக்கு மரங்களை இழுத்துவந்து போட்டார். விலாச் சட்டங்களை நீராவிப் பெட்டியில் வேகவைத்து வளைத்தார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஜார்ஜியா பைன் பலகைகளைப் பொருத்தினார். பலகை இடுக்குகளில் பருத்தி நூலையும் அதன்மேல் சணலையும் திணித்துக் கலப்பற்றுச் செய்தார். ஊரார் வந்து பார்த்தனர். பழைய படகை உடைக்கத்தான் போகிறார் என்று முதலில் எண்ணினர். புதுப்பிக்கப் போகிறார் என்று அறிந்ததும், இது கட்டுபடியாகுமா என்று கேட்கத் தொடங்கினர். ஓராண்டுக்கு மேலாக அந்தக் கேள்வி ஓயவில்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காய் இனாம், கூலிதான் முழுவதும். ஆனால் அந்தக் கூலியை ஸ்லோக்கம் தம் கைகளாலேயே செலுத்தினார். பதின்மூன்று மாத உழைப்பு. பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 செண்டு. கைப்பணம் குறையும்போதெல்லாம் துறைமுகத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்களைச் செப்பனிடும் வேலைக்குச் சென்று, கூலி பெற்றுத் திரும்பினார். வேலை முடிந்தபோது 'ஸ்பிரே' 36 அடி 9 அங்குல நீளமும், 14 அடி 2 அங்குல அகலமும் உடைய உறுதியான படகாய் நின்றது.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. ஒவ்வொரு மரமாக மாற்றி, கடைசியில் பழைய மரமே எஞ்சவில்லையென்றால், அது பழைய படகா, புதிய படகா? இக்கேள்வியை ஸ்லோக்கமே எழுப்பி, பழுதுபார்ப்பு எங்கே முடிந்தது, புதுக்கட்டுமானம் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வதற்கில்லை என்று கண்டார். தத்துவ அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் கேள்வி அது. ஏழை மாலுமிக்கோ அது நடைமுறை உண்மை. பழைய படகை வாங்கியவன் ஒருநாளில் வாங்கி முடிப்பதில்லை. ஒவ்வொரு பலகையாக, ஒவ்வோர் ஆணியாக, ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறான்.

ஒரு பருவம் மீன்பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோக்கும் திறமை தமக்கு இல்லை என்று கண்டுகொண்டார். பிறகுதான் உலகைச் சுற்றிவரும் துணிவு பிறந்தது. 1895 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள் பாஸ்டனிலிருந்து தனியொருவராகப் புறப்பட்டார். அப்பயணத்திலும் அவருடைய சிக்கனம் குறிப்பிடத் தக்கது. கரைக்குச் சென்றுவரச் சிறு தோணி ஒன்று வேண்டும். முழுத் தோணியை வைக்க மேல்தளத்தில் இடமில்லை. கழித்துப்போட்ட தோணி ஒன்றைக் குறுக்கே இரண்டாக அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்து, அரைத்தோணி ஆக்கிக்கொண்டார். அதுவே துணி துவைக்கும் தொட்டியாகவும் குளிக்கும் தொட்டியாகவும் உதவியது. கடலில் நேரம் அறிவதற்குரிய நுண்கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் செப்பனிட 15 டாலர் ஆகும் என்றார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, யார்மத் துறைமுகத்தில் ஒரு தகரக் கடிகாரத்தை வாங்கினார். அதன் விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் வணிகர் ஒரு டாலருக்குக் கொடுத்தார். அந்த ஒரு டாலர் கடிகாரத்துடன் அவர் உலகைச் சுற்றினார்!

ஆயினும் இதைக் கேட்டு நாம் ஏமாந்துவிடக் கூடாது. மலிவான கடிகாரத்தால் உலகைச் சுற்ற முடிந்ததற்குக் காரணம், சந்திரனுக்கும் விண்மீன்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து நேரத்தையும் இடத்தையும் கணக்கிடும் பழைய கலை அவருக்குக் கைவந்திருந்ததே. கருவியில் குறைத்த செலவை அவர் கல்வியால் ஈடுசெய்தார். கல்வி இல்லாதவன் அதே கடிகாரத்தை வாங்கியிருந்தால் பாறையில்தான் போய்ச் சேர்ந்திருப்பான்.

படகின் வடிவத்தைப் பற்றி அவர் கொண்ட நம்பிக்கையும் பொய்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள வியாழன் தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள கீலிங் தீவுகள் வரை ஏறக்குறைய 2,700 மைல் தூரத்தை 23 நாட்களில் கடந்தார். அத்தனை நாட்களிலும் சுக்கானைக் கையில் பிடித்திருந்த நேரம் மூன்று மணிக்கும் குறைவே. சுக்கானைக் கட்டிவிட்டால் 'ஸ்பிரே' தானே வழிமாறாது சென்றது. வழிச்செலவுக்குப் பணம்? மெல்போர்ன் துறைமுகத்தில் படகுக்கு வரி கேட்டார்கள். படகைப் பார்க்க வருபவர்களிடம் ஆளுக்கு ஆறு பென்ஸ் வாங்கி அதைச் சரிக்கட்டினார். பார்வையாளர் குறைந்ததும் ஒரு சுறாவைப் பிடித்து வைத்து, அதைப் பார்க்கவும் ஆறு பென்ஸ் வாங்கினார். 1898 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள், 46,000 மைல் கடந்து, நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். உலகைத் தனியே பாய்விரித்துச் சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. பயண வரலாறு 1900 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. கட்டுபடியாகுமா என்று கேட்டவர்களுக்கு அதுவே விடையாயிற்று.

அவருடைய புகழ் பிறரையும் தூண்டியது. ஜான் வாஸ் என்னும் மாலுமி 1901 ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் தீவில், அத்தீவின் பழங்குடியினர் ஒரே செந்தேவதாரு மரத்தைக் குடைந்து செய்த பழந்தோணி ஒன்றை 80 டாலருக்கு வாங்கினார். அதன் பக்கங்களை உயர்த்தி, அடிமரம் சேர்த்து, சிற்றறை அமைத்து, மூன்று பாய்மரங்களை நட்டு, 'டிலிகம்' என்று பெயரிட்டார். 1901 மே மாதத்தில் விக்டோரியாவிலிருந்து புறப்பட்ட அத்தோணி, 1904 செப்டம்பரில் இங்கிலாந்தை அடைந்தது. ஆனால் அப்பயணத்தில் ஒரு துயரம் உண்டு. ஃபிஜித் தீவுகளுக்கும் சிட்னிக்கும் இடையே, வாஸுடன் சென்ற துணைவர் கடலில் வீழ்ந்து மறைந்தார். தோணியில் இருந்த ஒரே திசைகாட்டியும் அவரோடு போயிற்று. சூரியனையும் விண்மீன்களையும் அலையின் போக்கையும் கொண்டே வாஸ் கரைசேர்ந்தார். மற்றொரு திசைகாட்டியின் விலை பெரிதன்று. சிக்கனம் வேறு, போதாமை வேறு என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. அத்தோணி இன்றும் விக்டோரியா நகரில் வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது.

இமயமலையின் நந்தாதேவிச் சிகரத்தை 1936 ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏறி வென்ற இருவருள் ஒருவர் டில்மன் என்னும் ஆங்கிலேயர். மலையில் ஏறும் வயது கடந்தபின் அவர் கடலை நாடினார். 1954 ஆம் ஆண்டில் அவர் வாங்கிய 'மிஸ்சீஃப்' என்னும் படகு, 1906 ஆம் ஆண்டில் கார்டிஃபில் கட்டப்பட்டது. கப்பல்களுக்கு வழிகாட்டிகளைக் கொண்டு சேர்த்த வகையைச் சேர்ந்தது அது. ஓர் ஆளும் ஒரு சிறுவனும் எந்தப் புயலிலும் ஓட்டக்கூடியவாறு அமைக்கப்பட்ட அப்படகுகளை நீராவி வேலையற்றவை ஆக்கியிருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு முதிர்ந்த அப்படகில் டில்மன் தென்னமெரிக்காவின் தென்கோடிக்கும் கிரீன்லாந்தின் பனிக்கடலுக்கும் சென்றுவந்தார். 1968 ஆம் ஆண்டில் ஆர்க்டிக் பகுதியில் அதை இழந்தார். உடனே 1899 இல் கட்டிய மற்றொன்றை வாங்கினார். அதுவும் 1972 இல் கிரீன்லாந்து அருகே மூழ்கியது. பின்னும் 1902 இல் கட்டிய மூன்றாவதை வாங்கினார்! பழம்படகு வாங்குபவன் அதன் இறுதியையும் சேர்த்தே வாங்குகிறான் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

இன்னும் சிறியதொரு படகின் கதையைக் கேளுங்கள். ராபர்ட் மான்றி இமயமலைச் சாரலில் லண்டூரில் 1918 ஆம் ஆண்டில் பிறந்த அமெரிக்கர். கிளீவ்லாந்து நகர் நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்தும் பணியினர். மனைவி மக்களோடு எளிய வாழ்க்கை நடத்தியவர். படகின்மேல் இளமைமுதல் ஆசை. 1958 ஆம் ஆண்டில், பதின்மூன்றரை அடியே நீளமுள்ள, ஏறத்தாழ முப்பதாண்டு முதிர்ந்த மரப்படகு ஒன்றை வாங்கினார். பழுதுகளைத் திருத்தி, சிற்றறை அமைத்து, 'டிங்கர்பெல்' என்று பெயரிட்டார். பல ஆண்டுகள் குடும்பத்தோடு ஈரி ஏரியில் ஓட்டிப் பழகினார். கவிழ்ந்தாலும் மூழ்காதவாறு மென்னுரைப் பொருளைப் படகினுள் நிரப்பினார். 1965 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அமெரிக்காவின் ஃபால்மத் ஊரிலிருந்து தனியே புறப்பட்டார். அலைகள் அவரைப் பலமுறை படகிலிருந்து வீழ்த்தின. இடுப்பில் கட்டியிருந்த கயிறே அவரைக் காத்தது. 78 நாட்களில், ஆகஸ்டு 17 ஆம் நாள், இங்கிலாந்தின் ஃபால்மத் ஊரை அடைந்தபோது, பெருந்திரளான மக்கள் கரையில் நின்று வரவேற்றனர்.

பழங்கலத்தை விலைக்கு வாங்கும் வரலாற்றில் நம்மவர் கைத்திறனுக்கும் ஓரிடம் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். அவர் அதற்கு முன்பே 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர். கலத்தின் தரம் அறிந்தவர். சிறுபடகு அன்று அது. ஆயினும் அதன் வாணிபக் காலம் முடிந்துகொண்டிருந்தது. வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். ஸ்லோக்கம் தம் அரைத்தோணியை அறுத்து அமைத்த அதே துறைமுகம் அது!

இவ்வரலாறுகளால் நாம் அறிவது யாது? பழம்படகின் விலை, விற்பவன் சொல்லும் தொகையன்று. கைப்பொருளை மூன்று கூறாக்க வேண்டும். ஒரு கூறு படகுக்கு. ஒரு கூறு பழுதுக்கு. மற்றொரு கூறு பாய், கயிறு, நங்கூரம், உயிர்காக்கும் கருவிகள் ஆகியவற்றுக்கு. யானை வாங்கியவன் அங்குசத்துக்குத் தயங்கலாமா? மரப்படகு என்றால் மழைநீர் ஒழுகித் தேங்கும் மூலைகளைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். உப்புநீரைவிட மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்வது. துருவேறிய ஆணிகளையும், கப்பற்புழு துளைத்த பலகைகளையும் தேடிக் காண வேண்டும். 1959 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'ட்ரைட்டன்' போன்ற கண்ணாடியிழைப் படகுகள், இக்கணக்கில் ஒரு மாறுதலைக் கொணர்ந்தன. கண்ணாடியிழை உளுக்காது, ஆதலால் அக்காலத்துப் படகுகள் பல இன்றும் எளிய விலைக்குக் கைமாறுகின்றன. ஆயினும் உடல் கெடாதிருக்க, உறுப்புகள் முதுமை அடைகின்றன. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் வெடிக்கின்றன. தளத்தின் உள்ளே வைத்த மரம் நீரை உறிஞ்சி நைந்துபோகிறது. பார்க்க வேண்டிய இடங்கள் மாறின. பார்க்க வேண்டிய கடமை மாறவில்லை.

இறுதியாக, ஸ்லோக்கத்தின் முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூலால் வந்த பொருளைக்கொண்டு 1902 ஆம் ஆண்டில் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் சிறு பண்ணை ஒன்றை வாங்கினார். ஆனால் மண் அவரைப் பிணிக்கவில்லை. மீண்டும் மீண்டும் 'ஸ்பிரே'யில் தெற்குக் கடல்களுக்குச் சென்றுவந்தார். 1908-09 ஆம் ஆண்டுகளை ஒட்டிய பயணம் ஒன்றில் படகும் அவரும் கடலில் மறைந்தனர். புயலோ, வேறொரு கப்பலின் மோதலோ, பழம்படகின் தளர்ச்சியோ, கண்டவர் எவருமில்லை. 1924 ஆம் ஆண்டில் அவர் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார்.

ஆனால் நான் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவது வேறொரு நாள். உலகைச் சுற்றி வந்தபின், 1898 ஜூலை 3 ஆம் நாள், ஸ்லோக்கம் தம் படகை ஃபேர்ஹேவனுக்கே ஓட்டிச் சென்றார். புதுப்பித்த படகை முதன்முதலாக நீரில் இறக்கியபோது அதைக் கட்டுவதற்காகக் கரையில் அடித்திருந்த தேவதாருக் கட்டை அங்கேயே நின்றது. அதே கட்டையில் 'ஸ்பிரே'யைக் கட்டினார். அதனினும் அருகில் வீட்டுக்குக் கொண்டுவர இயலாது என்று அவர் கருதினார். கட்டுபடியாகுமா என்று அவரைக் கேட்டவர்கள் அந்த ஊரார்தாம். அவர்கள் கண்முன்னே, புல்வெளியில் உளுத்துக் கிடந்த படகு, உலகக் கடல்களின் உப்பைத் தன் பக்கங்களில் ஏந்தி, அந்தக் கட்டையில் அமைதியாக அசைந்துகொண்டிருந்தது.